அவனுக்குப் பட்டுச்சு

எதிரணியின் கோல் வலைக்குப் பின்னால் நாலு முழம் தள்ளி, நடுவுக்கு நேராகக் குடையை ஊன்றிக்கொண்டு அப்பாசாமி நின்றுவிட்டாரென்றால் காஜா பெராங் திடலில் கால்பந்து ஆட்டம் தொடங்கலாம் என்று அர்த்தம். நடுவர் ஊதும் விசில் அதற்கப்புறம்தான். பாதி ஆட்டம் முடிந்து அணிகள் பக்கம் மாறும்போது அவரும் குடையோடு திடலைச் சுற்றி நடந்து மறுகோடிக்குப் போய்விடுவார்.

பிழைப்பு பஸ் கண்டக்டர் வேலை. டவுனுக்கும் பத்து பெரெண்டாம் கிராமத்துக்கும் நடுவே நாளெல்லாம் கத்திக் கத்தி உரமேறிய தொண்டை. அந்தத் தொண்டையால் எதிரணியின் கோல் காக்கும் கோலியை அவர் படுத்தும் பாட்டைக் கேட்கவே பாதிக் கூட்டம் வரும். "தம்பி, ஏன் வாசல்லயே நிக்கிறே? உள்ளே எடமிருக்கு, நகரு நகரு!" என்பார். பந்து நெருங்கினால், "அடுத்த ஸ்டாப்பு வலை! எறங்குறவங்கள்லாம் எறங்கு!" கோலிக்கே சிரிப்பு வந்துவிடும். சிரிக்கிறவன் பந்தை எங்கே பிடிப்பான்?

கெட்ட வார்த்தை ஒன்று அவர் வாயில் வராது. நியாயத்தை மட்டும் அவரிடம் எதிர்பார்க்கக் கூடாது. நம்மாள் தடுத்தால், "தடுத்துட்டான்யா!" எதிரணிக்காரன் தடுத்தால், "பட்டுச்சு." அவ்வளவுதான். கை பட்டது, கால் பட்டது, ஒருமுறை மூக்குகூடப் பட்டது. பதினோரு வருஷத்தில் எந்த எதிரணிக் கோலியும் அவர் வாயால் எதையும் தடுத்ததில்லை. "என்னண்ணே, அவன் பாஞ்சு புடிச்சானே?" என்று முடிதிருத்தும் கருணாகரன் கேட்டால், "பந்து வர்ற வழியில படுத்துக் கெடந்தான். பட்டுச்சு," என்பார். தோற்று வீடு திரும்புகிறவனுக்கு அந்த ஒரு சொல் எத்தனை ஆறுதல்!

மலாயா சுதந்திரமடைந்து மெர்டேக்கா கொண்டாடி மூன்று வாரங்கூட ஆகாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, செமாபோக் ஊர் அணியோடு இறுதியாட்டம். நாலு வருஷமாகக் கோப்பை அவர்களிடமே இருந்தது. "நாடே நம்ம கைக்கு வந்திருச்சு, ஒரு கோப்பை வராதா? வரலேன்னா மீசையை எடுத்துர்றேன்!" என்று அப்பாசாமி பஸ்ஸில் ஏறியவர்களிடமெல்லாம் சவால் விட்டிருந்தார். லேசுப்பட்ட மீசையில்லை அது. அவர் மனைவி ருக்மணி அதற்கென்றே தனியாக எண்ணெய் காய்ச்சுகிறவள்.

முடிய இரண்டே நிமிஷம். செமாபோக் ஒன்று, காஜா பெராங் பூஜ்யம். மழை பெய்து திடலெல்லாம் சேறு. அப்போதுதான் நம்மாள் தேவதாஸுக்குப் பந்து வசமாக வந்தது, ஓங்கி உதைத்தான். செமாபோக் கோலி சுப்பையன் வலது கம்பத்தோரம் நின்றிருந்தான். பந்து இடது மேல்மூலைக்குப் போனது. "கோ..." என்று ஊரே வாயைத் திறந்தது. "ல்" வரவில்லை. சுப்பையன் எப்படித்தான் வந்தானோ, உடம்பு முழுக்க அந்தரத்தில் நீள, விரல் நுனியால் பந்தைக் குறுக்குக் கம்பத்துக்கு மேலே தட்டிவிட்டு, பக்கத்துக் கம்பத்தில் மோதிச் சேற்றில் விழுந்தான்.

கூட்டத்தில் ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார். "அலாமாக்!" என்று மலாயில் பதறியது ஒரு குரல். "நாசமாப் போறவன், என்னமாப் பறந்தான்!" என்று கருணாகரன் திட்டையும் பாராட்டையும் ஒன்றாகக் கொட்டினான். அப்புறம் எல்லாத் தலைகளும் அப்பாசாமி பக்கம் திரும்பின. அவர்களுக்கு அந்த ஒரு சொல் வேண்டியிருந்தது.

பந்து அவர் காலடியில்தான் வந்து விழுந்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார். "பட்..." என்று ஆரம்பித்தார். நடந்ததை அவரைவிடக் கிட்டத்தில் பார்த்தவர் வேறு யாருமில்லை. பதினோரு வருஷம் கூசாத நாக்கு அன்றைக்குக் கூசியது.

"தடுத்துட்டான்யா," என்றார்.

கார்னர் உதை கிடைத்திருந்தது. தேவதாஸ் ஓடிவந்து கையை நீட்டினான். "பந்தைக் குடுங்கண்ணே! டைம் போவுது!"

"குடுத்துத் தொலைங்கண்ணே, மீசை போயிரும்!" என்று கருணாகரன் அலறினான்.

சுப்பையன் இன்னும் எழவில்லை. விலாவைப் பிடித்துக்கொண்டு, சேற்றில் ஒரு கையை ஊன்றி முட்டிபோடப் பார்த்தான், கை வழுக்கியது.

"இருடா. அவன் எந்திரிக்கட்டும்," என்ற அப்பாசாமி, பந்தை வயிற்றோடு அணைத்து இறுக்கிக்கொண்டார்.