ஆறாவது பெயர்

கிருபாபாய் முப்பது வருஷம் சர்க்கார் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவர். ராஜபாளையத்துக்குக் கிழக்கே அந்த ஊரில் மேலத்தெருவும் கீழத்தெருவும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத நாளிலும் பிரசவம் என்றால் இரண்டு தெருவும் அவரைத்தான் கூப்பிடும். தொண்ணூற்றைந்தில் வெட்டுக்குத்து நடந்து, பஸ் நின்று, மில் வேலைக்குப் போக வழியில்லாமல் வீடுகளில் உலை ஏறாமல் போனது. ஸ்ரீவில்லிபுத்தூரில் தாசில்தார் கூட்டிய சமாதானக் குழுவில் அவரையும் சேர்த்தார்கள்.

அந்தச் சமாதானத்துக்கு ஒரு கேடுகெட்ட வழக்கம் உண்டு. தப்பு யார் மேல் என்ற பேச்சே கிடையாது. இந்தப் பக்கம் ஆறு பேர் என்றால் அந்தப் பக்கமும் ஆறு பேர் போலீசில் ஆஜராக வேண்டும். மேலத்தெரு ஆறு பெயரைக் கொடுத்துவிட்டது. கீழத்தெருவில் அரிவாள் எடுத்தவர்களே ஐந்து பேர்தான். ஆறாவது பெயருக்காக மூன்று நாள் பேச்சு இழுத்தது.

நாலாம் நாள் கிருபாபாய்க்கு ஒரு யோசனை வந்தது. நல்லது என்று நினைத்துத்தான் சொன்னார், பாவம். கீழத்தெரு வேலுத்தாயின் மகன் சமுத்திரம் சண்டையன்று மில்லில் ஷிப்டில் இருந்தவன். வருகைப் பதிவே சாட்சி. குற்றமில்லாதவன் போனால் ஜாமீன் உடனே கிடைக்கும்.

வேலுத்தாயிடம் அவரே போய்ப் பேசினார்.

"ரெண்டே நாளு, வேலுத்தாயி. அவன் மேல ஒரு அடி விழாது. நான் பொறுப்பு."

"வேற யாரு கேட்டாலும் விடமாட்டேன், நர்ஸம்மா. நீங்க சொல்லுதீக. கூட்டிட்டுப் போங்க."

கிருபாபாய் தன் கையாலேயே பெயரை எழுதினார். மறுநாள் பஸ் ஓடியது. குழுவில் இருந்தவர்களுக்குச் சால்வை போட்டார்கள். அந்தப் பாழாய்ப்போன சால்வையை மடித்து வைத்தவர் பிறகு பிரிக்கவே இல்லை.

ஏனென்றால், ஸ்டேஷனில் வருகைப் பதிவை யார் பார்த்தார்கள்? ஆறு பேருக்கும் ஒரே அடிதான். சமுத்திரம் நாற்பது நாள் கழித்து வந்தபோது வலது கை விரல்கள் மடங்கவில்லை. மில்லில் அறுந்த நூலைப் பிணைக்கிற வேலை அவனுக்கு. அந்த வேலை போயிற்று.

கிருபாபாய் மருந்துப் பையோடு ஓடினார். வேலுத்தாய் வாசலிலேயே நிறுத்தி, மகனின் கையைப் பிடித்து அவர் முன்னால் நீட்டினாள்.

"இவன் பொறந்தன்னைக்குப் பத்து வெரலையும் எண்ணிக் காமிச்சுத்தான என் கையில குடுத்தீக? இப்பவும் எண்ணிப் பாருங்க, நர்ஸம்மா. எல்லாம் இருக்கு."

கிருபாபாய் மருந்துப் பையைத் திறக்காமலே திரும்பி நடந்தார்.

ஊரில் அதற்குப் பிறகு சண்டை இல்லை. கீழத்தெருவில் வலி கண்ட பெண்களை மட்டும் வண்டி பிடித்து ராஜபாளையம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வண்டி அவர் வீட்டைத் தாண்டித்தான் போகும்.