கழட்டல, கழுவுறேன்

கார் கழுவும் கடையில் எல்லோரும் அவரை வீல் அண்ணன் என்றுதான் கூப்பிட்டார்கள். இருபது வருடமாகச் சக்கரத்தைத் தவிர காரில் வேறெதையும் அவர் தொட்டதில்லை. கூரையும் கண்ணாடியும் மற்றவர்கள் பாடு. சக்கரத்துக்குத் தனி வாளி, தனித் துணி. சூடாக ஓடி வந்த சக்கரம் ஆறும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் படவிடமாட்டார். ஒருமுறை மச்சானை நடுத்தெருவில் யாரென்று தெரியாமல் கடந்துபோனவர், மச்சானின் காரிலிருந்த முன்சக்கரத்தைப் பார்த்ததும் திரும்பி வந்து நலம் விசாரித்தார்.

ஒருநாள் கடைவாய்ப் பல் உயிரை எடுத்தது. மனைவி கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாகப் பல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தாள். அங்கே அவருக்கு முன்னால் நாலு பேர். காற்று வாங்க வெளியே வந்தால், வாசலில் ஒரு வெள்ளைக் கார். சக்கரமெல்லாம் பிரேக் கரி அப்பிக் கிடந்தது. போதாக்குறைக்கு யாரோ ஆசிட்டை வேறு ஊற்றித் தேய்த்திருந்தார்கள்; ஓரங்கள் வெளுத்துப் பூத்திருந்தன.

பார்க்காத மாதிரி இரண்டு முறை நடந்தார். மூன்றாவது முறை கை சும்மா இருக்கவில்லை. சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் மெல்லிய பிரஷ்ஷை எடுத்து, குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றி, பின்சக்கரத்தின் முன்னால் குந்திவிட்டார்.

"யோவ், சக்கரத்தைக் கழட்டுறியா?" என்று வாட்ச்மேன் தோளைப் பிடித்தார்.

"கழட்டல, கழுவுறேன்."

வாட்ச்மேன் நம்புகிற ஆளில்லை. அவர் போட்ட சத்தத்தில் பல் டாக்டரம்மா கையுறையோடு வெளியே வந்தார். கார் டாக்டரம்மாவுடையதுதான்.

"என் காரை என்ன பண்றீங்க?"

"நீங்க என்ன பண்ணி வச்சிருக்கீங்கம்மா? இது மேல கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு இருக்கு. ஆசிட்டும் முரட்டு பிரஷ்ஷும் போட்டா போயிடும். போனா திரும்ப வராது." கன்னம் வீங்கியிருந்ததால் பாதிப் பேச்சு காற்றாகத்தான் வந்தது.

டாக்டரம்மா அந்த வீங்கிய கன்னத்தைப் பார்த்துவிட்டு அவரை நேரே உள்ளே கூட்டிப்போய் நாற்காலியில் உட்காரவைத்தார். "திருடனுக்கு முதல் மரியாதையா?" என்று வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள்.

"எந்த பிரஷ்ல பல் தேய்க்கிறீங்க?"

"முரட்டு பிரஷ்தான். மெத்துனு இருக்கறதெல்லாம் வீலுக்குப் போயிடுது."

டாக்டரம்மா பெருமூச்சு விட்டார். "பல்லு மேல ஒரு பூச்சு இருக்கு..."

மிச்சம் அவருக்கே தெரியும். இருந்தாலும் மரியாதைக்காக, வாயைத் திறந்தபடி கடைசிவரை கேட்டுக்கொண்டார்.

பல் ஒன்று போயிற்று, மற்றவை தப்பின. அதன்பிறகு அந்த வெள்ளைக் கார் மாதம் தவறாமல் கடைக்கு வந்தது. அவர் சக்கரங்களைக் கழுவித் துடைத்து மெழுகு பூசுவார். காரைவிட்டு இறங்கியதும் டாக்டரம்மாவுக்கு ஒரே வேலை: "எங்க, வாயைத் திறங்க." பட்டப்பகலில், சோப்பு நுரைக்கு நடுவே, அவர் ஆவென்று நிற்க, டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்ப்பார்.

ஒருநாள் அடுத்த காரில் காத்திருந்தவர், இதுவும் இந்தக் கடை வழக்கம்தான் போலிருக்கிறது என்று நினைத்து, கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டி வாயைத் திறந்துகொண்டார். டாக்டரம்மா அங்கேயும் டார்ச்சைத் திருப்பினார்.

"உங்களுக்கு ரெண்டு பல்லை அடைக்கணும்" என்றார்.