புசெலெட்சோ கேட்காத மன்னிப்பு

புசெலெட்சோவை யாராவது 'அடிதடிக்காரி' என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆமாம், அடித்தாள். ஒரே ஒரு அடி. கையில் இருந்ததை வைத்து அடித்தாள். கையில் இருந்தது மக்காச்சோளக் களி கிண்டுகிற மரத்துடுப்பு. கூடவே கொஞ்சம் சூடான களியும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கு அவள் என்ன செய்வாள்?

எங்கள் ஊர் போட்சபெலோவில் சனிக்கிழமை அடக்கம் என்றால் வெள்ளிக்கிழமை மதியமே முற்றத்தில் மூன்றுகால் இரும்புச் சட்டிகள் அடுப்பேறிவிடும். தெருப் பெண்கள் நாங்கள்தான் சமையல். அந்த வாரம் செத்துப்போனது கெனெயுவேயின் அம்மா. பதினைந்து வயதுப் பிள்ளை அவள், அழுது முகம் வீங்கி, கூடாரத்துக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து பீட்ரூட் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். அங்கே போய் நின்றான் தியேஹோ. சாவுச் செலவுக்கென்று நாங்கள் மாதாமாதம் பணம் கட்டுகிற ஈமச் சங்கத்துத் தலைவன். சவப்பெட்டி, கூடாரம், அறுக்கிற மாடு எல்லாம் அவன் சொன்னால்தான் வரும். தலைவரை 'அவர்' என்று மரியாதையாகச் சொல்ல வேண்டுமாம். நான் சொல்ல மாட்டேன்.

"ஆறுதல் சொல்றேன் வா" என்று பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்திருக்கிறான். "விடுங்க மாமா, விடுங்க" என்று அவள் கத்தியது எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். புசெலெட்சோ மட்டும்தான் சட்டியை விட்டு, துடுப்பும் கையுமாக எழுந்து போனாள்.

நெற்றி கிழிந்து ரத்தம் வழிய அவனே போலீசுக்குப் போன் போட்டான். அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் பின்னாலேயே ஓடினேன்.

ஸ்டேஷனில் ஒரு போலீஸ்காரன், "கேஸுன்னு போனா திங்கக்கிழமை வரைக்கும் உள்ளே இருக்கணும்மா. குத்தத்தை ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டு, அபராதத்தைக் கட்டிடு. இப்பவே வீட்டுக்குப் போயிடலாம். எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க" என்றான்.

பொய் சொல்லவில்லை. எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் பண்ணுகிறோம். குடித்துவிட்டுக் கத்தினாலும் சரி, பக்கத்து வீட்டுக்காரனோடு கட்டிப் புரண்டாலும் சரி, அபராதத்தைக் கட்டிவிட்டு வந்துவிட வேண்டியதுதான், பஸ்ஸுக்கு டிக்கெட் எடுப்பது மாதிரி.

"நாளைக்கு விடிஞ்சா ஊரே சாப்பிட வரும். களி இந்நேரம் அடிப்பிடிச்சிருக்கும்" என்றாள் புசெலெட்சோ. "எங்க போடணும் கையெழுத்து?"

போட்டாள். கைரேகையும் வைத்தாள். திரும்பி வந்து மறுபடியும் துடுப்பைப் பிடித்தாள். நீதிபதி முகத்தையே பார்க்காமல் தான் தண்டனை பெற்ற குற்றவாளி ஆகிவிட்டது அவளுக்குத் தெரியாது. யாருக்குத்தான் தெரியும்?

தெரியவந்தது பத்து வருஷத்துக்கு மேல் கழித்து. பள்ளி விடுதியில் தினக்கூலிக்குச் சமைத்துக்கொண்டிருந்தவளுக்கு நிரந்தர வேலை கிடைக்க இருந்தது. ஐம்பதைத் தாண்டியவள், புருஷன் இல்லாதவள். பென்ஷன் வருகிற வேலை என்றால் சும்மாவா? போலீஸ் சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி. அது தலைநகர் பிரிட்டோரியாவிலிருந்து வந்தது, 'தாக்குதல் குற்றம்' என்ற முத்திரையோடு.

தலைமையாசிரியை நல்ல மனுஷி. "வருஷக் கடைசி வரைக்கும் இடத்தைக் காலியா வெச்சிருக்கேன், அக்கா. அதுக்குள்ள இதை அழிச்சுட்டு வாங்க. அதுக்கு மேல என் கையில இல்ல" என்றாள்.

எப்படி அழிப்பது? தெருவில் ஆளாளுக்கு வக்கீல் ஆனார்கள். எல்லோரும் கடைசியில் ஒன்றையே சொன்னார்கள்: அடிபட்டவன் மன்னித்துவிட்டதாக எழுதிக் கொடுத்தால்தான் நடக்கும். செய்தி தியேஹோவின் காதுக்கும் போனது. அவனுக்குக் கசக்குமா? "ஞாயித்துக்கிழமை சங்கக் கூட்டத்துல, எல்லார் முன்னாடியும் எழுந்து மன்னிப்புக் கேக்கட்டும். அன்னைக்கே எழுதித் தர்றேன்" என்று சொல்லி அனுப்பினான்.

"வாய் வார்த்தைதானே, சொல்லித் தொலையேன்டி" என்றேன் நான். "உன் பென்ஷனைவிட அவன் பெரிசா?"

"நான் மன்னிப்புக் கேட்டா என்ன ஆகும் தெரியுமா உனக்கு? அன்னைக்கு அவன் ஒண்ணுமே பண்ணலன்னு ஆயிடும். அன்னைக்குக் கத்தின கெனெயுவே பொய்க்காரி ஆயிடுவா."

கெனெயுவே அந்த நாளைப் பற்றி அதுவரை யாரிடமும் வாய் திறந்ததில்லை. கடையில் வேலை பார்த்தாள், சங்கத்தில் சேர்ந்தாள், தியேஹோ வந்தால் எழுந்து வேறு பக்கம் போய்விடுவாள். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் தியேஹோ கோட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தான். கெனெயுவே கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். புசெலெட்சோ எழுந்தாள். தோளில் போட்டிருந்த போர்வையைச் சரிசெய்துகொண்டாள்.

"இந்த ஆளை நான் அடிச்சேன்" என்றாள். "ஒரு தடவைதான் அடிச்சேன். எனக்கு இருக்கிற வருத்தம் அது ஒண்ணுதான். வேலை போனா போகட்டும்."

உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் எங்கிருந்தோ ஒருத்தி குலவை போட்டாள் பாருங்கள்! தியேஹோவின் முகம் வெந்த பீட்ரூட் ஆகிவிட்டது.

மறுநாள் இரண்டு பேரும் நீதிமன்ற அலுவலகத்துக்குப் போனோம். கண்ணாடிக்குப் பின்னால் சின்னப் பெண் ஒருத்தி சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பத்து வருஷம் தாண்டிடுச்சா? வேற கேஸ் எதுவும் இல்லியே? அப்போ எழுதிக் குடுங்கம்மா, அழிச்சிடுவாங்க."

"அவனோட மன்னிப்புக் கடிதம் வேணாமா?" என்று கேட்டேன்.

"யாரோட?"

"அதான், அடிவாங்கினவனோட."

"அவர் எதுக்கும்மா இதுல?" என்றாள் அவள்.

புசெலெட்சோ சிரித்த சிரிப்பில் வரிசையே திரும்பிப் பார்த்தது.

அழித்ததற்கான காகிதம் உடனே வந்துவிடவில்லை. போன் போட்டால் "பரிசீலனையில இருக்கு" என்பார்கள். விடுதி வேலை கைவிட்டுப் போகிறது என்றே நினைத்தோம். வருஷக் கடைசியில் பள்ளி மூடுகிற வாரத்தில்தான் வந்தது. தலைமையாசிரியை அவளைக் கட்டிக்கொண்டாள். நான் அழுதேன். அவள் அழவில்லை, "அழிச்சது அவங்க எழுதினதைத்தான், நடந்ததை இல்ல" என்றாள்.

அடுத்து வந்த அடக்கத்தில் பெரிய சட்டி கெனெயுவேயின் பொறுப்பு. துடுப்பு அவள் கையில். புசெலெட்சோ பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கினாள். தியேஹோ சிரித்துக்கொண்டே வந்தான், சமாதானத் தூதன் மாதிரி.

"புசெலெட்சோ, அரசாங்கமே அழிச்சிடுச்சாமே! அப்போ அன்னைக்கு ஒண்ணுமே நடக்கலன்னுதானே அர்த்தம்? கையைக் குடு, பழசை விடு."

புசெலெட்சோ வாயைத் திறப்பதற்குள் கெனெயுவே சட்டியிலிருந்து துடுப்பைத் தூக்கினாள். களி சொட்டியது. கை இறங்கவில்லை.

"நடந்துச்சு, மாமா" என்றாள், முற்றம் முழுக்கக் கேட்கிற மாதிரி. "என் கையைப் பிடிச்சு இழுத்தீங்க. எங்கம்மாவை இன்னும் புதைக்கக்கூட இல்ல. நான் விடச் சொன்னேன், நீங்க விடல." ஒரு அடி முன்னால் வந்தாள். "என் பேர்ல இதுவரைக்கும் ஒரு கேஸும் இல்ல. முதல் கேஸ் நீங்களா?"

இந்தத் தடவை நாங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. ஒவ்வொருத்தியாக எழுந்து அவள் பின்னால் போய் நின்றோம். தியேஹோ பின்வாங்கினான், கூடாரக் கயிறு தடுக்கித் தடுமாறினான், வாசலைத் தாண்டிப் போனான்.

கெனெயுவே அழ ஆரம்பித்தாள். புசெலெட்சோ எழுந்து அவள் முதுகில் கை வைத்தாள்.

"அழு, நல்லா அழு. கிண்டிக்கிட்டே அழு. களி கட்டி தட்டிடப் போகுது."