உச்சி வெயிலும் நாலு கண்ணாடியும்

சங்கிலிமுத்து முதலில் மாடிச் சுவரை உள்ளங்கையால் தொட்டார். பிறகுதான் கண்ணாடியைத் தொட்டார். மகள் பானுப்பிரியா செம்பிலிருந்து தண்ணீர் ஊற்ற, அவர் பழைய வேட்டித் துணியால் தூசியைத் துடைத்துக்கொண்டே வந்தார். நாலு கண்ணாடிகள், ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டை விடக் கொஞ்சம் பெரியது. துடைத்து முடித்ததும் துணியைப் பிழிந்து கொடியில் போட்டார். சித்திரை பிறந்த ஞாயிற்றுக்கிழமை அது. அடுத்த ஞாயிறு அவர் இல்லை.

ஏழாயிரம்பண்ணை பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் முப்பத்தோரு வருடம் மருந்துக் கலவை பார்த்தவர், கடைசிப் பதினாறு வருடம் போர்மேனாக. அங்கே கலவை அறைக்குள் நுழையுமுன் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட வேண்டும். உடம்பில் தேங்கிய மின்னூட்டம் மண்ணுக்குப் போய்விடும். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கை எதையாவது தொட்டுக்கொண்டேதான் இருந்தது. பேருந்தில் ஏறுமுன் கம்பியை, வங்கிக்குள் போகுமுன் நிலைப்படியை. நைலான் சட்டை போட மாட்டார். ஓட மாட்டார், மழை வந்தாலும் நடைதான். தம்ளரைக் கீழே வைக்கும்போது சுண்டு விரலை அடியில் கொடுத்து, சத்தமில்லாமல் இறக்கி, விரலை உருவிக்கொள்வார். கல்யாண வீடுகளில் வெடி போட்டால் எல்லோரும் காதைப் பொத்துவார்கள். இவர் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "மூணாவது ஈர மருந்து" என்பார்.

பானுப்பிரியா சென்னையில் பதினோரு பேர் வேலை செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் பொருளறிவியல் பொறியாளர். சிலிக்கனுக்குப் பதிலாக பெரோவ்ஸ்கைட் என்ற புதுக் குறைகடத்தியை மை போலக் கண்ணாடியில் பூசி, சூரிய மின்தகடு செய்கிறார்கள். மலிவு. மெல்லிசு. ஆனால் ஈரமும் சூடும் ஆகாது. விருதுநகரில் மிளகாய்க்குக் குளிர்பதனக் கிடங்கு வைத்திருக்கும் சாலமன்ராஜ் முதல் ஆர்டர் தரத் தயாராக இருந்தார், ஒரே நிபந்தனையோடு: "நம்ம ஊரு வெயில்ல ஒரு வருசம் நிக்கணும்." அந்த ஆர்டர் இல்லாவிட்டால் கம்பெனி இல்லை. அதனால் நாலு தகடுகள் சங்கிலிமுத்துவின் மாடிக்கு வந்தன. தினமும் காலை ஒன்பதுக்கும் மதியம் மூன்றுக்கும் மீட்டரை வைத்துப் பார்த்து, மாதக் காலண்டரின் கட்டத்தில் எழுதி, மகளுக்குக் குரல் செய்தி அனுப்புவார். "ஒண்ணாம் நம்பரு நல்லாருக்கு. ரெண்டாம் நம்பரு நல்லாருக்கு." உடம்பு எப்படி என்று கேட்டால் மட்டும் பதில் வராது.

ஏழு மாதம் எண்கள் பிரமாதம். சென்னை மாடியில் இருந்த தகடுகளே இவ்வளவு தாங்கவில்லை. கம்பெனி முதலாளி புகழேந்தி ஒப்பந்தத் தாளைத் தயார் செய்துவிட்டார். மே மாதம் ஒரு காதுகுத்துக்கு ஊருக்கு வந்த பானுப்பிரியா, படம் எடுக்கலாம் என்று நடுப்பகலில் மாடி ஏறினாள். நாலு தகடுகள் மேலும் நனைத்த சாக்கு போர்த்தியிருந்தது.

"யப்பா, இது என்னது?"

"சாக்கு."

"சாக்குன்னு தெரியுது. எதுக்கு?"

"உச்சி வெயில்ல மருந்தத் தொறந்து போட்டுட்டு எவனாச்சும் சோறு திங்கப் போவானா? நீதானத்தா சொன்ன, கண்ணாடியில மருந்து பூசியிருக்கு, சூட்டுல கெட்டுரும்னு."

சொன்னது அவள்தான். அவருக்குப் புரியட்டும் என்று மருந்து என்ற சொல்லை எடுத்துக் கொடுத்ததும் அவள்தான்.

"எம்புட்டு நாளா?"

"மொத நாள்லேருந்து. பன்னெண்டுலேருந்து ரெண்டு வரைக்கும்."

கீழேயிருந்து அம்மா குருவம்மாள் குரல் கொடுத்தாள்: "இத்தன வருசத்துல எனக்கு ஒரு கொட புடிச்சிருப்பாகளா? கண்ணாடிக்குச் சாக்கு நனைச்சுப் போடுறாக!"

இந்தப் பொருளுக்கு ஒரு குணம் உண்டு. இருட்டில் கொஞ்ச நேரம் இருந்தால் இழந்த திறனில் ஒரு பங்கை மீட்டுக்கொள்ளும். தினமும் இரண்டு மணி நேரம் குளிர்ந்த நிழலில் ஓய்வெடுத்த தகடுகள் அவை. ஏழு மாத எண்களும் பொய்.

சாக்கை எடுத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. அவள் அதை யோசித்தாள் என்பதை அவர் முகத்தைப் பார்த்தே கண்டுகொண்டார்.

"தப்பாக் கலந்தது தெரிஞ்சா அந்த லோட அப்படியே தண்ணியில கொட்டிரணும்த்தா. பாக்க நல்லாத்தான இருக்குன்னு கட்டி அனுப்பப்பிடாது. வெடிக்கிறது வேற வீட்டு வாசல்ல."

அவரே சாலமன்ராஜுக்குப் போன் போட்டார். "அண்ணாச்சி, சாக்குப் போட்டது நானு. எம்பிள்ளைக்குத் தெரியாது." மறுமுனையில் வெகு நேரம் சிரிப்பு. "ஒண்ணுலேருந்து எண்ணுங்க. எங்க மொளகா காஞ்சுதான வருது, ஒங்க கண்ணாடியும் காயட்டும்."

புதிதாக நாலு தகடுகள் வந்தன. ஜூன் ஒன்றாம் தேதி எண்ணிக்கை தொடங்கியது. இந்த முறை சாக்கு கிடையாது. பன்னிரண்டு மணியானால் சங்கிலிமுத்துவுக்கு வீட்டுக்குள் இருப்புக் கொள்ளாது. சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, தகடுகளின் பக்கத்தில் வெயிலிலேயே உட்கார்ந்து சாப்பிடுவார். "அதுக மட்டும் காயணுமாக்கும்?" என்பார். ஆகஸ்டில் நாலாவது தகடு செத்தது. அன்றைய செய்தியில் சாவு வீட்டுத் துட்டி சொல்லும் குரல்: "நாலாம் நம்பரு அடங்கிருச்சுத்தா. மத்த மூணும் தைரியமா இருக்கு." சித்திரையில் அந்த மூன்றும் தொடக்கத் திறனில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்றில் நின்றன. வருடம் முடிய நாற்பது நாள் சொச்சம் இருந்தது.

கண்ணாடி துடைத்த ஞாயிறு கழிந்து, புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குச் செய்தி வரவில்லை. பத்தேகால் மணிக்கு சாத்தூர் பேருந்துக்காக நின்றவர், நிழற்குடைக் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள்.

காரியங்கள் முடிந்த பிறகு பானுப்பிரியா காலண்டரைப் பார்த்தாள். முந்தைய நாள் எண்ணையே அவர் எழுதியிருந்தால் ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள். புதன்கிழமைக் கட்டத்தில் எண் இல்லை. பென்சிலால், "மீட்டர் ஓடல" என்று இருந்தது.

ஆஸ்பத்திரியில் கழற்றிக் கொடுத்த அவர் சட்டையைக் குருவம்மாள் துவைக்காமல் மடித்து வைத்திருந்தாள். அதன் பையில் ஒரு காகிதப் பொட்டலம். உள்ளே, கடைக்காரரிடம் மாதிரி காட்டுவதற்காக மீட்டரிலிருந்து கழற்றிய சதுர பேட்டரி. காகிதத்தில் அவர் கையெழுத்து: "இதே மாதிரி ரெண்டு. தேதி பாத்து வாங்கணும்."