கதை என்பது வினைச்சொல்லா?

என் தமிழைக் கேட்டுவிட்டு, “மலையாளமாம்மா நீங்க?” என்று கேட்காத காய்கறிக்காரர் ஆரப்பாளையத்தில் இல்லை. இலங்கையில் எங்கள் ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள் நம்பமாட்டார்கள். மன்னார்த் தமிழ் என்று முதலில் விளக்கிப் பார்த்தேன். “சிலோனா? அதான் மலையாளம் மாதிரி இருக்கு” என்று நிறைவாகத் தலையாட்டுவார்கள். இப்போதெல்லாம் சிரித்துக்கொண்டே வெண்டைக்காயைப் பொறுக்குகிறேன்.

கல்யாணம் முடித்து மதுரைக்கு வந்தவள் நான். இந்த ஆண்டுதான் ஒரு மிஷன் பள்ளியில் நான்காம் வகுப்புக்குத் தமிழாசிரியை ஆனேன். “புள்ளைகளுக்கு ஒங்க பேச்சு புரியுமா?” என்று தலைமையாசிரியையான சிஸ்டர் தயங்கினார். கொஞ்ச நாள் பார்த்துவிட்டுத்தான் வேலை நிரந்தரம் என்றார். அதனால் வீட்டில் கணவரிடம் மதுரைப் பேச்சில் ‘வாரேன், போறேன்’ என்று பேசிப் பழகினேன். வகுப்பில் ஒவ்வொரு சொல்லையும் நாக்கில் உருட்டிப் பார்த்தே வெளியே விட்டேன்.

சிஸ்டர் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்த நாளில் பாடம், பெயர்ச்சொல்லும் வினைச்சொல்லும். செயலைச் சொன்னால் வினைச்சொல் என்று விளக்கி, கரும்பலகையில் எழுதினேன்: ஓடு, எழுது, கதை.

ஆயிஷா எழுந்தாள். “டீச்சர், கதை பேர்ச்சொல்லுல்ல?”

வகுப்பு சிரித்தது. சிஸ்டர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். டஸ்டரை எடுத்துவிட்டேன், ஆனால் அழிக்கக் கை வரவில்லை. மன்னாரில் பொழுது சாயும் நேரத்தில், “இதில இருந்து கதையடி” என்று அக்கா என்னைக் கடற்கரை மணலில் இழுத்து உட்கார வைப்பாள். பள்ளிக்கூடச் சண்டை, அவளுடைய கல்யாணப் பேச்சு எல்லாம் அங்கேதான் ஓடும். அது வினை இல்லையென்றால் வேறு எது வினை?

டஸ்டரை வைத்துவிட்டேன். “எங்க ஊர்ல ‘பேசு’ன்னு சொல்றதுக்குக் ‘கதை’ன்னு சொல்லுவோம்.”

“அப்ப ஒரே சொல்லு ரெண்டு வேலை பாக்குதா?” என்றாள் ஆயிஷா.

பக்கத்தில் இருந்த மெர்சி துள்ளி எழுந்தாள். “ஓடும் அப்டித்தான் டீச்சர்! எங்க வீட்டுக்கு மேல ஓடு போட்டிருக்கு!”

பிறகு வகுப்பு என் கையில் இல்லை. படி, அடி, ஆடு என்று சொற்கள் பறந்து வந்தன. “எது எதுன்னு எப்டிக் கண்டுபிடிக்கிறது?” என்று கத்திக் கேட்டேன்.

“வாக்கியத்துல வச்சுப் பாக்கணும்” என்றாள் ஆயிஷா. நான் சொல்ல நினைத்திருந்ததை அவள் சொல்லிவிட்டாள்.

மணி அடித்ததும் சிஸ்டர் அருகில் வந்தார். “பரீட்சையில மட்டும் புத்தகத்துல உள்ளபடி எழுதச் சொல்லுங்க.” வாசல்வரை போய்த் திரும்பினார். “அடுத்த வருசம் அஞ்சாம் வகுப்பையும் நீங்களே எடுத்துக்கங்க டீச்சர்.”

மாலையில் வீட்டுக்குப் போக ஆனையூர் பஸ்ஸில் ஏறியதும் அக்காவுக்குப் போன் செய்தேன். “வேலை நிரந்தரம் அக்கா. அம்புட்டுப் புள்ளைகளும் ஒரே கும்மாளம்!”

“அம்புட்டோ? என்னடி, இந்தியாக்காரி ஆகிட்டியோ?”

அதே நேரம் கண்டக்டர் குனிந்தார். “ஆனையூராம்மா?”

ஒரு காது அக்காவிடம், மறு காது அவரிடம். அவசரத்தில் கண்டக்டருக்கு எங்கள் ஊர் ‘ஓம்’ போனது, அக்காவுக்கு மதுரை ‘ஆமா’ போனது. இரண்டு பேருக்குமே புரிந்துவிட்டது.