மைக் அவள் கைக்குப் போனது

கொழுந்தன் மனைவி, என் ஓரகத்தி, மைக்கைப் பிடித்துக்கொண்டு நடுங்கியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நாங்கள் இருவரும் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்த காலம். ஆயுத பூஜையன்று நன்றி சொல்ல அவளைக் கூப்பிட்டார்கள். பத்தாவது படித்தவளாயிற்றே. ஆனால் பேச்சு வரவில்லை. பொரியைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்கள் சிரித்தார்கள். நான் எழுந்துபோய் மைக்கை வாங்கி நாலு வார்த்தை பேசினேன். கைதட்டினார்கள். கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த எனக்கு அன்றைக்கு வந்த பெருமை கொஞ்சமல்ல.

பிறகு எங்கும் அப்படித்தான். எங்கள் ஊர் நல்லூரில் மகளிர் குழு தொடங்கியபோதும் தலைவி அவள். மைக் பிடிக்கிறவள் நான். எனக்கு அது பிடித்திருந்தது.

போன வருஷம் இந்தப் பயத்துக்காக அவள் மனநல டாக்டரிடம் போனாள். "தனியா போகக் கூச்சமா இருக்குதுங்கக்கா, நீங்களும் வாங்க" என்று கெஞ்சினாள். போய் ஒரு மூலையில் உட்கார்ந்தேன். ஊசி இல்லை, மாத்திரை இல்லை. சின்ன வயசு டாக்டரம்மா இரண்டு விரலை அவள் முகத்துக்கு எதிரே இடமும் வலமுமாக ஆட்டினார்.

"பழைய பயத்தை ஆத்துற வைத்தியம் இது. அந்த நாளை நினைச்சுக்குங்கம்மா. தலை அசையாம, கண்ணு மட்டும் விரல் பின்னாடி போகட்டும்."

தறியில் நூல் நாடா இங்கும் அங்கும் ஓடுகிற மாதிரி அவள் கண் ஓடியது. கன்னத்தில் தண்ணீர் இறங்கியது. என்ன தோன்றுகிறது என்று டாக்டரம்மா கேட்டார். ஆட்கள் சிரித்ததைச் சொல்வாள் என்றுதான் இருந்தேன்.

"எங்கக்கா மைக்கைப் புடுங்குனதுதானுங்க. இன்னுங் கொஞ்சம் உட்டிருந்தா பேசியிருப்பனுங்க" என்றாள்.

திரும்பும்போது பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

"கோவமுங்களாக்கா?"

"எனக்கென்ன கண்ணு கோவம்? வேப்பிலைய ஆட்டுனா பேய் போகும். வெரல ஆட்டுனா பேச்சு வருமாக்கும்?"

அன்று அவள் மானத்தைக் காப்பாற்றியது நான்தான். இன்றும் அப்படித்தான் சொல்வேன்.

அடுத்தடுத்த வாரங்கள் என்னைக் கூப்பிடாமலே போய்வந்தாள். குழுவின் ஆண்டு விழாவுக்கு நான் பட்டுச்சேலை கட்டி, பேச வேண்டியதை மனதில் உருட்டிக்கொண்டு போயிருந்தேன். அவளே எழுந்து நின்றாள். முதல் வார்த்தையிலேயே குரல் உடைந்தது. உடையட்டும் என்றிருந்தது எனக்கு. கொஞ்சம் நின்றாள், மூச்சு விட்டாள், பேசினாள். நன்றாகவே பேசினாள்.

முடிக்கும்போது என் பக்கம் கை காட்டினாள். "இத்தன வருசமா எனக்காகப் பேசுனது எங்கக்காதானுங்க. இனி அவிங்க உக்காந்து கேக்கட்டுமுங்க."

மண்டபமே என்னைத் திரும்பிப் பார்த்துக் கைதட்டியது. எழுந்து கும்பிட்டேன். எத்தனையோ மேடையில் நான் பேசியிருக்கிறேன். அவ்வளவு கைதட்டல் எனக்கு ஒருநாளும் விழுந்ததில்லை. அதையும் அவள் பேச்சுதான் வாங்கிக் கொடுத்தது.