மூன்றாவது மாடி வகுப்பறை

பயப்படுவதில் எனக்குச் சிறுவயதிலேயே நல்ல தேர்ச்சி இருந்தது. நாய், இடி, பல் டாக்டர், மேசைவிசிறி என்று ஒவ்வொன்றாகக் கடந்து, பன்னிரண்டு வயதில் தலைமையாசிரியர்களுக்கு வந்து சேர்ந்திருந்தேன். அவர்களில் ஒருவரைத்தான் அந்த டிசம்பர் மாதம் நேரில் பார்க்கப் போகவேண்டி வந்தது.

பிரிக்ஃபீல்ட்ஸில் தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டை முடித்திருந்தேன். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் நேரே படிவம் ஒன்றில், அதாவது ஏழாம் வகுப்பில், உட்கார்ந்துவிட முடியாது. மலாய்மொழி தேறுவதற்காகப் புகுமுக வகுப்பில் ஒரு வருடம் ஊறவேண்டும். எங்களுக்கு வாய்த்த பள்ளியில் அந்த வகுப்பு மூன்றாவது மாடியில் இருந்தது. என் இடது காலோ, இளம்பிள்ளை வாதம் வந்துபோன பிறகு, இரும்புச் சட்டமும் தோல்வாரும் மாட்டினால்தான் வீட்டைவிட்டுப் புறப்படும். மாணவனின் பாதுகாப்பை முன்னிட்டு ஒரு வருடம் வீட்டிலேயே இருந்து உடல் தேறி வரட்டும் என்று பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. பத்து வருடத்தில் தேறாத கால் பதினோராவது வருடம் மனம் திருந்திவிடும் என்று நினைத்தார்களோ என்னவோ.

கிள்ளானில் துணிக்கடை வைத்திருந்த மாமா அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு உற்சாகமானார்.

"வீட்ல சும்மா உக்காந்து என்னா செய்யப் போறான்? கடைக்கு அனுப்புங்க மச்சான். பட்டன் பிரிக்கிற வேலை இருக்கு. உக்காந்தே செய்யலாம்லா."

அந்தக் கடையின் பின்னறையில், தலையில்லாத பொம்மைகள் சட்டை போட்டுக்கொண்டு வரிசையாக நிற்கும். அவற்றுக்கு நடுவே நான் உட்கார்ந்து பொத்தான் பிரிப்பதைக் கனவில் பலமுறை பார்த்தேன். கனவின் முடிவில் எனக்கும் தலை இருக்காது.

அப்போதுதான் அக்கா வந்து சேர்ந்தார். என் அக்கா அல்ல, ஊருக்கே அக்கா. இருபத்திரண்டு வயது. இரண்டு கக்கத்திலும் ஊன்றுகட்டை. அவரும், கண் தெரியாத, காது கேளாத, சக்கர நாற்காலியில் வரும் அவருடைய கூட்டாளிகள் ஏழெட்டுப் பேரும், சனிக்கிழமைதோறும் ஒரு தையல்கடையின் பின்னறையில் கூடுவார்கள். சம்பளம் கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது. தங்களைப் போன்றவர்களுக்கு எங்கே கதவு சாத்தப்படுகிறதோ அங்கே போய்ப் பேசுவதுதான் அவர்கள் வேலை. அதில் ஒரே ஒரு சட்டம் உண்டு. யாருடைய விஷயமோ அவரேதான் வாய் திறக்கவேண்டும். பெற்றோர் பேசக்கூடாது. அக்காவேகூடப் பேசமாட்டார்.

"நீங்க பேசுனீங்கன்னா உங்களப் பாத்துப் பதில் சொல்வாங்க அங்கிள். இவன் பக்கத்துல நாற்காலி மாதிரி நிப்பான்" என்று அப்பாவுக்கு விளக்கினார். அப்பா பிஸ்கட் கம்பெனியில் வேன் ஓட்டினார். போக்குவரத்து விளக்கோடுகூடப் பேசிக்கொண்டே ஓட்டுகிறவர். பரிதாபமாகத் தலையாட்டினார்.

அதே கடிதம் செல்விக்கும் வந்திருந்தது. ரயில்வே குவாட்டர்ஸ் பெண். என் வயதுதான். சக்கர நாற்காலி. எங்கள் இருவருக்குமாக ஒத்திகை நடந்தது. தையல்காரரின் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அக்கா தலைமையாசிரியராக உட்கார்ந்தார். ஆளுக்கு ஒரே வாக்கியம். "புகுமுக வகுப்பக் கீழ கொண்டு வாங்க சார், நாங்க ரெண்டு பேரும் படிக்கணும்" என்பது என்னுடையது. "கீழ ரெண்டு ரூம் காலியா இருக்கு சார், நாங்க பாத்தோம்" என்பது செல்வியுடையது.

சொன்னேன்.

"யாருக்குடா சொல்ற? எறும்புக்கா?" என்றார் அக்கா.

மறுபடி சொன்னேன்.

"இப்ப பூனைக்குக் கேட்டிருக்கும்" என்றாள் செல்வி. "டேய், நீ மொதல்ல ஒழுங்கா சொல்லு. நீ சொல்லலைன்னா நான் சொல்றதுக்கு அர்த்தமே இல்ல."

மூன்று சனிக்கிழமைகள் கழிந்தபோது என் குரல் ஒரு கோழியை விரட்டும் அளவுக்கு வளர்ந்திருந்தது.

அந்த நாளும் வந்தது. விடுமுறை என்பதால் பள்ளியில் ஆள் இல்லை. வேனிலிருந்து அப்பா செல்வியைத் தூக்கி நாற்காலியில் வைத்தார். காலியான நடைபாதையில் என் இரும்புச் சட்டத்தின் சத்தம் சுவரில் பட்டு எனக்கே திரும்பி வந்தது. யாரோ பின்தொடர்ந்து வருவதுபோல் இருந்தது. தலைமையாசிரியர் அறையை எட்டும் முன் இரண்டு முறை கழிவறை போய்வந்தேன்.

அவர் அன்பாக இருந்தார். அதுதான் நான் எதிர்பார்க்காத இடி. கடுமையான மனிதருக்கு என்று தயாரித்து வைத்திருந்த வாக்கியம், அவர் சிரித்தபடி பிஸ்கட் தட்டை நகர்த்தியதும் தொண்டைக்குள் தடுமாறியது. வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே கேட்டுவிட்டார்.

"ஏன் தம்பி, உன்னால மாடிப்படி ஏற முடியாதா?"

எங்கள் வீட்டில் 'முடியாது' கெட்ட வார்த்தை. விருந்தாளி யாராவது "பாவம், நடக்க முடியாதா?" என்று கேட்டுவிட்டால், அப்பா உடனே என்னைக் கூடத்தைச் சுற்றிவரச் சொல்வார். சுற்றி வந்தால் கைதட்டல். இப்போது அப்பா வலதுபக்கம் நின்றார். இடதுபக்கம் அக்கா. செல்வி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடியும் சார்."



"அட! அப்ப காட்டு பாப்போம்" என்று எழுந்தார் தலைமையாசிரியர்.

எல்லோரும் மாடிப்படியடியில் கூடினார்கள். என் சட்டத்தின் முழங்காலில் ஒரு கொக்கி உண்டு. அது பூட்டியிருக்கும்வரை கால் கம்புபோல் நிற்கும். கழன்றால் காகிதம்போல் மடியும். முதல் மாடியை ஏறினேன். சட்டைக்குள் வியர்வை ஊர்ந்தது. இரண்டாவது மாடிக்குத் திரும்பும் இடத்தில் கொக்கி 'டிக்' என்றது. கால் மடிந்தது. கைப்பிடிக் கம்பியில் இரண்டு கையாலும் தொங்கினேன். கீழே பார்க்கக்கூடாது என்று நினைத்ததும் கீழே பார்த்தேன். கிணற்றடியிலிருந்து பார்ப்பதுபோல் நான்கு முகங்கள். இல்லை, மூன்று. அக்கா மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்துடா! பாத்து!" அப்பா ஓடிவரப் பார்த்தார்.

"விடுங்க, அவனே வருவான். கெட்டிக்காரப் பையன்லா" என்று தலைமையாசிரியர் அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

விழுந்து சாகப்போகிறேன், அதுவும் கெட்டிக்காரன் என்ற பெயரோடு சாகப்போகிறேன் என்று தோன்றியது. ஒரு கையால் கொக்கியைப் பூட்டினேன். மிச்சப் படிகளை எப்படி ஏறினேன் என்பது இன்றுவரை தெரியாது. உச்சியில் நின்று, வகுப்பறைக் கதவின் கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தேன். கீழே தலைமையாசிரியர் கைதட்டினார். அப்பாவும் தட்டினார். அந்தச் சத்தம் மாடிமாடியாக ஏறி என்னிடம் வந்தது. அடுத்து வந்த பேச்சும் அப்படியே ஏறி வந்தது.

"கீழ ரெண்டு ரூம் காலியா இருக்கு சார், நாங்க பாத்தோம்." செல்வி தன் வாக்கியத்தைச் சொல்லிவிட்டாள். குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

"இருக்கும்மா. ஆனா எதுக்கு? அவன்தான் ஏறிட்டானே." அவர் குரலில் அதே அன்பு. "அவனப் பாத்தல்ல? நீயும் ஒரு வருஷம் நல்லா பயிற்சி பண்ணிட்டு வா. அப்ப பாப்போம்."



ஏறுவதைப் பற்றி மட்டுமே யோசித்திருந்தேன். இறங்குவது என்று ஒன்று இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தலைமையாசிரியர் அறைக்குள் போகும்வரை காத்திருந்து, படியில் உட்கார்ந்து, ஒவ்வொரு படியாகப் பின்புறத்தால் இறங்கினேன். அடியில் அக்கா நின்றிருந்தார். பாராட்டுக்காக முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

"கால் வலிக்குதா?" என்றார்.

"இல்லக்கா."

"சரி, வா."

அவ்வளவுதான். அவருக்கு உடம்புக்கு ஏதோ முடியவில்லை போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

திரும்பும் வழியில் அப்பாவுக்கு வாய் வந்துவிட்டது. எனக்குச் சீருடை எங்கே தைப்பது, மாமாவுக்கு எப்படிச் செய்தி சொல்வது என்று முன்னால் இருந்த லோரிகளுக்கெல்லாம் அறிவித்துக்கொண்டே ஓட்டினார். அக்கா முன்சீட்டில் இருந்தார். பின்னால் பிஸ்கட் டின்களுக்கு நடுவே செல்வியும் நானும்.  பாதி வழியில் அவள் கேட்டாள்:

"மேல கிளாஸ் எப்படிடா இருக்கு?"

எனக்குக் குஷியாகிவிட்டது. கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்ததையெல்லாம் சொன்னேன். பச்சைக் கரும்பலகை, இருவர் உட்காரும் மேசைகள், ஜன்னல் வழியே தெரிந்த தண்டவாளம், அதில் போன ரயில். நடுவில் கொஞ்சம் கற்பனையும் சேர்த்தேன். அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். முதல் வரிசை ஜன்னலோரமா? காற்று வருமா? அலுக்காமல் பதில் சொன்னேன். அவளை அவள் வீட்டு வாசலில் இறக்கிவிடும்வரை ஒன்றைக்கூட மறைக்காமல் சொல்லி முடித்தேன். இவ்வளவு நல்ல மனசு எல்லோருக்கும் வாய்க்காது என்று என்னைப் பற்றி நினைத்துக்கொண்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது.